விசுவாசத்தினால் நித்தியஜீவன் என்றால் நற்செயலுக்கு என்ன மதிப்பு? விசுவாசம் போதாது என்று அஞ்சுகிறவருக்கு என்ன பதில்?

கேள்வி: கீழைக்காற்று, யாங்கோன்

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

நாங்கள் தலைமுறைகளாக யாங்கோனில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தினர். அண்மையில் இருவர் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு நான் சொன்ன விடைகள் எனக்கே நிறைவளிக்கவில்லை. வேதத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

முதலாவது, பக்கத்து வீட்டிலுள்ள பர்மிய பௌத்த அம்மையார் கேட்டது. விடியற்காலையில் பிக்குகள் வரிசையாக வரும்போது, சோற்றுச்சட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு, வெறுங்காலுடன் தெருவோரத்தில் நின்று, ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒவ்வொரு கரண்டி சுடுசோறு இடுவார். தானம் நடக்கும் நாள்களில் சிறு செம்பிலிருந்து நீரைச் சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் வார்த்தபடி, தாம் செய்த புண்ணியத்தை எல்லா உயிர்களுக்கும் பங்கிட்டுத் தருவதாகச் சொல்வார். கூடியிருப்பவர்கள் ‘நன்று’ என்று பொருள்படும் ‘சாது’ என்ற சொல்லை மூன்று முறை சொன்னபின், அந்த நீரைக் கொண்டுபோய் முற்றத்து மரத்தடியில் ஊற்றுவார். என் பிள்ளைகள் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சியோடு முதலில் வந்து நின்றவரும் அவரே. அவர் சொன்னார்: “வாழ்நாளெல்லாம் தீமை செய்தவன் கடைசி நாளில் நம்பினாலும் அவனுக்கு நித்திய வாழ்வு உண்டு என்று உங்கள் சபையில் சொல்கிறீர்கள். அப்படியானால் வாழ்நாளெல்லாம் கொடுத்து வந்தவளுடைய கொடைக்கு என்ன மதிப்பு? இது எப்படி நீதியாகும்?”

இரண்டாவது, என் தகப்பனாரின் கேள்வி. எண்பது வயதைக் கடந்தவர். சிறு வயதிலிருந்தே ஆலயத்தை விட்டு விலகாதவர். இப்போது படுக்கையில் இருக்கிறார். “அம்மா, நான் விசுவாசித்தது போதுமா?” என்று இரவில் கேட்கிறார். போதும் என்று நான் சொன்னால், “உனக்கு எப்படித் தெரியும்?” என்கிறார்.

வசன எண்களை மட்டும் எழுதிவிட்டுப் போகாமல், இவ்விருவருக்கும் முகம் பார்த்துச் சொல்லக்கூடிய விளக்கமாக எழுதும்படி வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், மோல்மேன்

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு கேள்விகளுக்கும் வேர் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தம்முடைய புண்ணியத்தின் அளவுக்கு ஏற்பவே தமக்குப் பலன் வரவேண்டும் என்று அம்மையார் நினைக்கிறார். தம்முடைய விசுவாசத்தின் அளவுக்கு ஏற்பவே தமக்கு நித்தியஜீவன் கிடைக்கும் என்று உங்கள் தகப்பனார் அஞ்சுகிறார். விசுவாசத்தையும் ஒரு புண்ணியமாக எண்ணி, அதை நிறுத்துப் பார்க்கத் தொடங்கினால், எழுபது ஆண்டு ஆலயத்துக்குச் சென்றவருக்கும் அது குறைவாகவே தெரியும். சுவிசேஷம் அந்தத் தராசையே எடுத்துவிடுகிறது.

நீதியைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது மிக நேர்மையான கேள்வி. அதை முதலில் கேட்டவர்களும் பௌத்தர்கள் அல்லர். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில், விடியற்காலையிலிருந்து வெயிலில் உழைத்த திராட்சத்தோட்ட வேலையாட்கள், கடைசி ஒரு மணி நேரம் மட்டும் உழைத்தவர்களுக்கும் அதே ஒரு பணம் கொடுக்கப்பட்டதைக் கண்டு எஜமானிடம் முறுமுறுக்கிறார்கள். ஆண்டவர் அந்தக் குறையை மறைக்காமல், தாமே கதையாகச் சொல்லி நம் முன் வைத்தார். ஆகவே அம்மையாரின் கேள்வியைக் கேட்டு நாம் கலங்கவோ, அவசரப்பட்டு அவர் வாயை அடைக்கவோ வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை அவருக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும். தீமைக்கு விளைவு இல்லை என்று கிறிஸ்தவம் ஒருபோதும் போதித்ததில்லை. “பாவத்தின் சம்பளம் மரணம்” என்று ரோமர் 6:23 சொல்லும்போது, செய்த வினை செய்தவனை விடாது என்று அவர் நம்புவதோடு அது பெரும்பாலும் ஒத்துப்போகிறது. அந்த விளைவை யார் சுமக்கிறார் என்பதில்தான் வழி பிரிகிறது. அதைத் தேவனுடைய குமாரன் தம்மேல் ஏற்றுக்கொண்டார் என்பதே சிலுவையின் செய்தி. மன்னிப்பு இலவசமாக வருவது பெறுகிறவனுக்குத்தான். கொடுத்தவருக்கு அதன் விலை உயிர். இயேசுவின் அருகே சிலுவையில் தொங்கிய கள்ளனுடைய கைகள் ஆணியடிக்கப்பட்டிருந்தன. ஒரு பிடி அரிசியை யாருக்காவது கொடுக்கக்கூட அவனால் முடியாது. “நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்” என்று ஒப்புக்கொண்டு, தன்னை நினைத்தருளும்படி மட்டும் கேட்டான். “இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்” என்ற பதிலைப் பெற்றான். நீதி அங்கே கைவிடப்படவில்லை. அவனுக்கு அருகே, நடுச் சிலுவையில், அது நிறைவேறிக்கொண்டிருந்தது.

நீர் வார்க்கும் சடங்கைக் குறித்து நீங்கள் எழுதியதைப் படித்தபோது, பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல இடம் இல்லை என்று நினைத்தேன். ஒருவர் செய்த நன்மை மற்றொருவரைச் சென்று சேரவேண்டும் என்ற ஏக்கம் அவரிடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. எனினும் அதையும் சிலுவையையும் ஒன்றென்று சொல்லி அவரை மடக்கப் பார்க்காதீர்கள். கேட்பவர் மனமகிழ்ந்து ‘சாது’ என்று சொல்வதே அவருடைய சொந்த நற்செயலாகிப் பலன் தருகிறது என்று பௌத்த ஆசிரியர்கள் விளக்குவார்கள்; அங்கேயும் ஒவ்வொருவரும் தத்தம் வினைக்கே உரியவர். அவருடைய நம்பிக்கையை அவர் சொல்லும்படியே புரிந்துகொண்டு, அதன்பின் நம்முடையதைச் சொல்வதே மரியாதை.

அவருடைய கொடைகளின் மதிப்பு என்ன என்ற கேள்விக்கு அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரத்திலுள்ள கொர்நேலியுவைக் காட்டுவேன். அவன் யூதன் அல்லன், கிறிஸ்துவை அறிந்தவனும் அல்லன். ஆனால் மிகுந்த தருமம் செய்தவன். அவனுடைய ஜெபங்களும் தருமங்களும் தேவனுடைய சந்நிதியில் வந்தெட்டின என்று தூதன் அவனிடம் சொல்கிறான். தேவன் அவற்றை அசட்டை செய்யவில்லை. அதே வேளையில், இவை போதும், இனி ஒன்றும் தேவையில்லை என்றும் தூதன் சொல்லவில்லை. பேதுருவை அழைத்து அவன் சொல்வதைக் கேட்கும்படி சொன்னான். உங்கள் பிள்ளைகளுக்குக் கஞ்சி கொண்டுவந்தவரின் கையைத் தேவன் கண்டிருக்கிறார் என்று நீங்கள் தயக்கமின்றிச் சொல்லலாம். அவரும் இலவசமாகப் பெறவேண்டியது ஒன்று உண்டு என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

எபேசியர் 2ஆம் அதிகாரத்தில் எட்டாம் ஒன்பதாம் வசனங்களோடு நிறுத்திவிடுவது நம் சபைகளில் பழகிப்போன ஒரு குறை. இரட்சிப்பு கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு, ஒருவரும் பெருமைபாராட்டாதபடி கிரியைகளில்லாமல் வருகிறது என்று சொன்ன பவுல், அடுத்த வசனத்திலேயே, நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறார். அந்தப் பத்தாம் வசனத்தை நாம் வாழ்ந்து காட்டியிருந்தால், நற்செயல் வீண் என்று கிறிஸ்தவர்கள் சொல்கிறார்கள் என்ற எண்ணம் அம்மையாருக்கு வந்திருக்காது.

பதில்: சைவ வாசகர், தட்டோன்

நான் கிறிஸ்தவன் அல்லேன். பிள்ளையார் கோயிலில் தேவாரம் கேட்டு வளர்ந்தவன். இந்த உரையாடல் பண்போடு நடப்பதால் ஒரு வார்த்தை சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

தகுதி பாராது வந்து ஆட்கொள்ளும் அருள் என்பது தமிழருக்குப் புதிதன்று. நாயன்மார் வரலாற்றில் வலை வீசிய அதிபத்தரும் வேட்டையாடிய கண்ணப்பரும் இருக்கிறார்கள். முறையான பூசை அறியாத கண்ணப்பர் வாயில் கொண்டுவந்த நீரையும் சிவபெருமான் ஏற்றார். ஆகவே, கடவுள் இலவசமாகத் தருகிறார் என்று ஆசிரியர் ஐயா சொல்வதில் எனக்குத் தடை இல்லை.

என் தடை வேறு. இந்நாட்டில் 2014 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்று மேற்பட்டவர்களே கிறிஸ்தவர்கள். ஏறத்தாழ 88 பேர் பௌத்தர்கள். என் பாட்டனார் நெல்வயலில் உழைத்து, கோயிலுக்கும் ஏழைகளுக்கும் கொடுத்து, யாருக்கும் தீங்கு நினையாமல் மறைந்தவர். கிறிஸ்துவைப் பற்றி அவருக்கு யாரும் எடுத்துச் சொன்னதாக நான் அறியேன். அருள் எல்லோருக்கும் என்று சொல்லிவிட்டு, கேள்விப்படாதவருக்கு வாசல் அடைபட்டது என்றும் சொன்னால், அது அருளாக எனக்குத் தெரியவில்லை. வாதத்துக்காகக் கேட்கவில்லை, அவரை நான் நேசித்தேன்.

பதில்: உபதேசியார் மகன், பெகு

ஐயா, உங்கள் பாட்டனாரைக் குறித்து நீங்கள் எழுதிய கடைசி வரி என்னைத் தொட்டது. நான் கத்தோலிக்கன், எங்கள் திருச்சபை இதைக் குறித்து என்ன போதிக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

மீட்பர் ஒருவரே, அவர் இயேசு கிறிஸ்து என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவர்கள், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின் குரலில் அவருடைய விருப்பத்தை உணர்ந்து, அவருடைய அருளால் தூண்டப்பட்டு அதன்படி வாழ முயன்றால், அவர்களும் மீட்பை அடைய முடியும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டு திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டில் கற்பித்தது. அப்படி மீட்கப்படுகிறவர் தம் நற்செயலின் வலிமையால் மீட்கப்படுகிறார் என்பது அதன் பொருளன்று. கிறிஸ்துவின் பெயரை அவர் அறியாதிருந்தபோதும் கிறிஸ்துவின் அருளே அவரைத் தேடி வந்தது என்பதே பொருள். உங்கள் பாட்டனாரின் முடிவைக் கணித்துச் சொல்லும் உரிமை எனக்கும் இல்லை, வேறு யாருக்கும் இல்லை. அவரைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைத்து மன்றாடும் உரிமை எனக்கு உண்டு, அதைச் செய்கிறேன்.

சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். கத்தோலிக்கர் செயலினால் மீட்பு என்கிறார்கள், மற்றவர்கள் நம்பிக்கையினால் மீட்பு என்கிறார்கள் என்று நம் ஊர்களில் இன்னமும் பேசுகிறார்கள். இது சரியன்று. எங்கள் திருச்சபையின் திரிதெந்து சங்கம் 1547ஆம் ஆண்டு வெளியிட்ட தீர்மானத்திலேயே, நம்மை இறைவனுக்கு ஏற்புடையவராக்கும் அருளுக்கு முன் நிற்கும் எதுவும், நம்பிக்கையோ செயலோ, அந்த அருளைச் சம்பாதித்துத் தருவதில்லை என்று சொல்லப்பட்டுள்ளது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. நம் பக்கத்துத் தகுதி எதனாலும் அல்லாமல், கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொள்ளும் நம்பிக்கையில், அருளினால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார். நம் உள்ளத்தைப் புதுப்பித்து நற்செயலுக்கு அழைக்கும் தூய ஆவியையும் தருகிறார். மெதடிஸ்ட் உலக மன்றம் 2006ஆம் ஆண்டு அதனோடு இணைந்தது. சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியம் 2017ஆம் ஆண்டு இணைந்தது. நூற்றாண்டுக் கணக்கில் ஒருவரையொருவர் சபித்தவர்கள் இதை ஒரே குரலில் சொல்ல முடிந்தது சாதாரணச் செய்தியன்று. எஞ்சிய வேறுபாடுகள் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. பெற்ற அருளை வளர்த்துக்கொள்வதில் நற்செயலுக்கு உள்ள பங்கைப் பற்றி நாங்கள் ஆசிரியர் ஐயாவைவிட அழுத்தமாகப் பேசுவோம். நம்பிக்கை அன்பின் வழியாகச் செயல்படவேண்டும் என்ற கலாத்தியர் 5:6ஐயும், செயலற்ற நம்பிக்கை செத்தது என்ற யாக்கோபு 2ஆம் அதிகாரத்தையும் எங்கள் மறையுரைகளில் நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள்.

மறுமொழி: கீழைக்காற்று, யாங்கோன்

மூவருக்கும் என் நன்றி. கொர்நேலியுவின் வரலாற்றைப் பர்மிய வேதாகமத்திலிருந்தே அம்மையாருக்கு வாசித்துக் காட்டலாம் என்றிருக்கிறேன். ஆனால் அவரோடு எவ்வளவு தூரம் பேசுவது, எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை. என் தகப்பனாரின் அச்சமும் அப்படியே இருக்கிறது. எழுதப்பட்டவை எல்லாவற்றையும் கேட்டார். “அதெல்லாம் சரிதான், என் உள்ளத்தில் அந்த உறுதி இல்லையே” என்றார்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், மோல்மேன்

முதலில் தட்டோன் அன்பருக்கு ஒரு வார்த்தை. “சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ” என்று ஆபிரகாம் கேட்டதற்கு மேல் உங்கள் பாட்டனாரைக் குறித்துப் பேச எனக்கும் வாய் இல்லை. கேட்டவர்களாகிய நாம் என்ன செய்தோம் என்பதே எனக்கு முன் நிற்கும் கேள்வி.

சகோதரி, நீங்கள் வாசிக்கப்போகும் அந்தப் பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்த அதோனிராம் ஜட்சன் 1813 ஜூலையில் ரங்கூனில் வந்து இறங்கினார். முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819 ஜூன் 27 அன்று. இடைப்பட்ட ஆறு ஆண்டுகள் அவர் பெரும்பாலும் மொழியைக் கற்றார், எழுதினார், காத்திருந்தார். பிறகு பகோடாவுக்குச் செல்லும் சாலையோரத்தில், வழிப்போக்கர் தங்கும் சயாட் போன்ற ஒரு மண்டபத்தைக் கட்டி, வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசினார். முழு வேதாகமத்தின் மொழிபெயர்ப்பு 1834இல் எங்கள் மோல்மேனில்தான் நிறைவுபெற்றது. அவர் அவசரப்படாததற்குக் காரணம் உண்டு. விசுவாசம் தேவனுடைய ஈவு என்று நம்புகிறவன் அதை வாதத்தால் பிடுங்கி எடுக்க முயலமாட்டான். அம்மையார் கேட்கும்வரை சொல்லுங்கள்; அவர் பேச்சை மாற்றினால் நீங்களும் மாற்றுங்கள்; அடுத்த முறை அவர் வீட்டில் யாராவது நோயுற்றால் கஞ்சி உங்கள் வீட்டிலிருந்து போகட்டும்.

பதில்: இரவுப்பணித் தாதி, யாங்கோன்

அம்மா, முதியோரையும் நோயாளரையும் இரவில் கவனித்துக்கொள்வது என் வேலை. உங்கள் தகப்பனார் கேட்பதைப் போன்ற கேள்வியைப் பலர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் நல்ல விசுவாசிகளிடமிருந்துதான். உடல் தளர்ந்து, மருந்தினால் மனமும் தளர்ந்து, தூக்கமில்லாமல் கிடக்கும் நேரத்தில், அவர்கள் தங்கள் உள்ளத்துக்குள் பார்த்து அங்கே உறுதியைத் தேடுகிறார்கள். அங்கே களைப்பும் பயமும்தான் தென்படுகின்றன. அதைக் கண்டு விசுவாசம் போய்விட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

பான்சோடான் துறையிலிருந்து தலாவுக்குப் படகில் செல்வோரைப் பாருங்கள். அன்றாடம் போய்வரும் காய்கறிக்காரி கூடைமேல் சாய்ந்து தூங்குகிறாள்; ஆற்றைக் கண்டு அஞ்சும் கிழவி கம்பியை இறுகப் பிடித்தபடி நடுங்குகிறாள். இருவரும் ஒரே நேரத்தில் அக்கரை சேர்கிறார்கள், ஏனென்றால் சுமந்து செல்வது படகு. உங்கள் தகப்பனாரை அக்கரை சேர்ப்பது அவருடைய உறுதியின் அளவு அன்று. அவர் பற்றியிருக்கிற கிறிஸ்து. மாற்கு 9ஆம் அதிகாரத்தில் நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன், “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கண்ணீரோடு கதறினான். உன் விசுவாசத்தைத் திருத்திக்கொண்டு வா என்று ஆண்டவர் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. மகனைக் குணமாக்கிக் கொடுத்தார். அந்த ஒரு வரியையே அவருடைய ஜெபமாக ஒவ்வோர் இரவும் அவரோடு சேர்ந்து சொல்லுங்கள்.

“இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும்?” என்று, பவுலைக் காவலில் வைத்திருந்த பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன் நிலநடுக்கத்துக்குப் பின் கேட்டான். 2025 மார்ச் 28 அன்று சகாயிங்கையும் மண்டலேயையும் சிதைத்த 7.7 அளவு நிலநடுக்கத்தைக் கண்ட நமக்கு, அவன் எந்த நிலையில் கேட்டிருப்பான் என்று விளக்கவேண்டியதில்லை. நடுங்கிக்கொண்டே விழுந்து கேட்டவனுக்கு, நடுக்கம் தீரட்டும், பிறகு பார்க்கலாம் என்று பவுல் சொல்லவில்லை. “கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவை விசுவாசி” என்றார். அன்றிரவே அவன் வீட்டார் அனைவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். பயமும் விசுவாசமும் ஒரே மார்புக்குள் இருக்கக்கூடும் என்பதை நான் வேதத்தில் வாசித்தேன். நோயாளரின் கட்டிலருகிலும் பார்த்திருக்கிறேன்.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்ற கேள்விக்கு யோவான் 5:24ஐ வாசியுங்கள். தம் வசனத்தைக் கேட்டு, தம்மை அனுப்பினவரை விசுவாசிக்கிறவனுக்கு நித்தியஜீவன் இப்போதே உண்டு, அவன் மரணத்தைவிட்டு நீங்கிவிட்டான் என்று சொல்பவர் இயேசு. “எனக்குத் தெரிந்ததால் சொல்லவில்லை அப்பா, அவர் சொன்னதால் சொல்கிறேன்” என்று பதில் சொல்லுங்கள். அவருடைய உள்ளத்தைத் திரும்பத் திரும்பச் சோதிக்கும் கேள்விகளை, நம்புகிறீர்களா, நிச்சயமா என்பவற்றை, அவரிடம் கேட்கவே வேண்டாம். சங்கீதம் 23ஐ நீங்கள் தொடங்கினால் அவரே முடிப்பார். சிறு வயதில் மனனம் செய்தவை கடைசிவரை நிற்கும். ரோமர் 8ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களை மெதுவாக வாசியுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். விசுவாசம் போதுமா என்று ஒருவர் விடாமல் கேட்கும்போது, சில வேளைகளில் அதன் அடியில் ஒரு குறிப்பிட்ட காரியம் இருக்கும்: தம்பியோடு ஏற்பட்டுத் தீராமல் போன பிணக்கு, திருப்பிக் கொடுக்காத பணம், யாரிடமும் சொல்லாத ஒரு பாவம். பொதுவான ஆறுதல் அந்த இடத்தைத் தொடுவதில்லை. மகளிடம் சொல்லத் தயங்குவதைப் பாஸ்டரிடம் சொல்வார். பாஸ்டர் ஐயாவை வரவழைத்து, நீங்கள் வெளியே சென்று, இருவரையும் தனியே பேசவிடுங்கள். பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிக்கத் தேவன் உண்மையும் நீதியும் உள்ளவர் என்ற 1 யோவான் 1:9ஐ அவர் தம் காதால் கேட்டு, கர்த்தருடைய பந்தியின் அப்பத்தைத் தம் கையில் வாங்கட்டும். தம்பியோ கடன் கொடுத்தவரோ உயிரோடு இருந்தால், இந்தியாவில் இருந்தாலும் தொலைபேசியில் அழைத்துக் கொடுங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.